நடுரோட்டு எலுமிச்சை

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே போகும் ரோட்டில் பாலம் இடிந்து, இரண்டு மாதமாக வண்டி வாகனம் கிடையாது. குறுக்கே மூங்கிலைக் கட்டி, காவலுக்கு மாசாணத்தை உட்கார வைத்திருந்தார்கள். நீரிழிவுக்காக விடியற்காலையில் நடக்கும்படி டாக்டர் சொல்லியிருந்த நஞ்சுண்டனுக்கு அதைவிடத் தோதான ரோடு ஜில்லாவிலேயே இல்லை. மூங்கிலுக்கு அடியில் குனிந்து நுழைந்து, "முருகா" என்று நடக்கத் தொடங்குவார். வேலியில் கவுதாரி கத்தும். கீரி ஒன்று நின்று அவரைப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போகும்.

ரோட்டின் நட்டநடுவே, ஜல்லியோடு ஜல்லியாக, ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை இட்டிருந்தது. அவரைக் கண்டாலே அது ஊரைக் கூட்டும். "நான்தான் தாயி" என்று அவர் ஒதுங்கிப் போவார். இப்படி மூன்று வாரம் ஓடிவிட்டது.

சித்திரை நாலாம் தேதி மாசாணம் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு ரோட்டைத் தொறக்கறாங்க. எட்டு மணிக்குத் தம்பிதுரை பஸ் வருதுங்க."

"முட்டை?"

"முட்டைக்கோசரம் ஓவர்சியருக்கு மனுவா குடுக்க முடியுமுங்க?"

"ஓரமா எடுத்து வெச்சா?"

"எடம் மாறுனா தாய்க்குருவி அண்டாதுங்க."

நஞ்சுண்டன் வீட்டுக்குத் திரும்பி, மனைவி குழந்தையம்மாளிடம் இரண்டு எலுமிச்சம்பழம் கேட்டார்.

"ஊறுகாய்க்குங்களா?"

"ரோட்டுக்கு."

முப்பது வருஷம் குடித்தனம் செய்தவள், பழத்தை எடுத்துக் கொடுத்தாள்.

எலுமிச்சைக்குப் பயப்படுகிறவன் சாமியை நம்பாதவன் என்று வெள்ளிக்கிழமை பஜனையில் சொல்லிவந்தவர் நஞ்சுண்டன்தான். அவரே பழத்தை அறுத்து, குங்குமம் தடவி, முட்டைகளைச் சுற்றி நாலு பக்கமும் வைத்தார். டிரைவர் தம்பிதுரை பஸ்ஸை நிறுத்தினான், கன்னத்தில் போட்டுக்கொண்டான், ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்கி விலகிப் போனான். கட்டை வண்டிகளும் அப்படியே விலகின.

மறுநாளே, நஞ்சுண்டன் யாருக்கோ செய்வினை வைக்கிறார் என்று ஊர் பேசியது. உண்மையைச் சொன்னால் பயம் போய்விடும், பயம் போனால் முட்டையும் போய்விடும். அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை பஜனைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்குக் காது கேட்காது.

ஐந்தாம் நாள் பழம் காய்ந்திருக்கும் என்று விடியலிலேயே புதுப்பழத்தோடு போனார். அங்கே நாலு புதுத்துண்டுகள் இருந்தன. தூரத்தில் மாசாணம் நெற்றி நிறையத் திருநீற்றோடு கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

"நீயா வெச்சே?"

"கண்ணை மூடிக்கிட்டு வெச்சுப்போட்டேனுங்க."

"இது முட்டைக்குத்தான்னு உனக்குத் தெரியுமே?"

"எனக்குத் தெரியுமுங்க. எலுமிச்சைக்குத் தெரியாதுங்களே."

இரண்டு நாள் கழித்து வெறும் ஓடுகள்தான் கிடந்தன. நாலு குஞ்சுகள் தாயின் பின்னால் சோளக்காட்டுக்கு நடந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு எந்த டாக்டரும் சொல்லவில்லை. நஞ்சுண்டன் பழங்களைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாசாணம் பஜனை மடத்துக்கு வெளியே, அவன் சாதி ஆட்கள் வழக்கமாக நிற்கும் தூரத்தில் நின்றான்.

"உள்ளே வா மாசாணம்" என்றார் நஞ்சுண்டன்.

"நானுங்களா? ஊர் என்னங்க சொல்லும்?"

"சொல்றதுக்கு உள்ளே ஆரும் இல்லை. எடம் நெறைய இருக்குது, வா."