கொசுறாக வந்த இரண்டு ஸ்பிரிங்

என் தங்கையின் உயிருக்கு நான் பேசி முடித்த விலை: ஒன்றுமில்லை. பதினாலு ஸ்பிரிங்குக்குக் காசு, இரண்டு கொசுறு. உதிரிபாகக் கடைக்காரர் முகம் சுண்டிப்போனது. நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் பெருமை மூன்று மாதம் ஓடியது.

சனிக்கிழமை மதியம், மாப்பிள்ளையின் பட்டறையில், அந்தப் பெருமை இரண்டு துண்டாக ஒரு கந்தல் துணியின் மேல் கிடந்தது.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். ரேஸ் கார்களுக்கு இன்ஜின் கட்டுகிறவர். தங்கை அவற்றை ஓட்டுகிறவள். நான் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் ஊசி வாங்குவதென்றாலும் பேரம் பேச என்னைத்தான் அனுப்புவார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குப் பந்தயம். அன்று காலை ஓட்டிப் பார்த்தபோது, நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றைத் தாண்டியதும் இன்ஜின் இருமியிருக்கிறது. தங்கை அந்த நொடியே அணைத்துவிட்டு, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மேல்மூடியைத் திறந்தால், வால்வை இழுத்து மூடிவைக்க வேண்டிய ஸ்பிரிங் நடுவில் முறிந்திருந்தது.

"கவனிக்காம ஓட்டியிருந்தா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வால்வு உள்ள விழும். பிஸ்டன் வந்து இடிக்கும். இன்ஜின் அப்படியே பூட்டிக்கும்" என்றார் மாப்பிள்ளை. "இருநூறுல போறப்ப பின்சக்கரம் ரெண்டும் நின்னா, வண்டி எந்தப் பக்கம் திரும்பும்னு அதுக்கே தெரியாது மச்சான்."

முறிந்த துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தின. சில்லு எதுவும் இன்ஜினுக்குள் போகவில்லை. தங்கை பெருமூச்சு விட்டாள். மாப்பிள்ளை சிரித்தார். நான் டார்ச்சை எடுத்துப் பிடித்தேன்.

ஸ்பிரிங்கைக் கழற்றும்போது வால்வு உள்ளே விழாமலிருக்க அவர் ஒரு வேலை செய்வார். ஸ்பார்க் பிளக் இருந்த துளை வழியாக நைலான் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திணிப்பார். பிறகு இன்ஜினைக் கையால் சுற்றுவார். பிஸ்டன் மேலே வந்து, கயிற்றை மெத்தை மாதிரி வால்வின் அடியில் அமுக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு நிம்மதியாக மேலே வேலை பார்க்கலாம்.

"மச்சான், டார்ச் பிடிங்கன்னா டிஸ்கோ லைட்டு போடுறீங்க. கை ஏன் ஆடுது?"

"வெயில்" என்றேன். பட்டறைக்குள் வெயிலே இல்லை.

அவருடைய கருவிப் பெட்டியில் ஒரே ஒரு உபரி ஸ்பிரிங் இருந்தது. எனக்குத் தெரியாமல் அவர் முழு விலை கொடுத்து வாங்கி வைத்தது. வேறொரு நாளாக இருந்தால் அதற்காக ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். அதை மாட்டினார். கயிற்றை உருவினார்.

"மத்ததையும் ஒரு தடவ பாத்துடலாமே?" என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"பாக்கலாம். ஆனா எல்லாம் ஒரே செட்டு. ஒண்ணுல ஏதோ கீறல் இருந்திருக்கு, போயிடுச்சு" என்றார். தங்கை என் பக்கம் திரும்பினாள். "எல்லாம் ஒரே பெட்டியில வந்ததுதானே, அண்ணா?"

"ஆமா."

வியாபாரத்தில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இதுவும் பொய்தான். பதினாலு பெட்டியில் வந்தன. இரண்டு காகிதத்தில் சுற்றி வந்தன. வரும் வழியில் நானேதான் காகிதத்தைப் பிரித்து, அந்த இரண்டையும் பெட்டிக்குள் அடுக்கினேன். செட்டு என்றால் செட்டாகத் தெரிய வேண்டாமா?

தங்கை மேல்மூடியைத் தூக்கி இன்ஜினின் மேல் வைத்தாள். முதல் போல்ட்டை விரலால் திருக ஆரம்பித்தாள்.

"பெட்டியில வரல" என்றேன்.

"என்ன வரல?"

"ரெண்டு. காகிதத்துல வந்துச்சு. கொசுறு."

மாப்பிள்ளை கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். சத்தமே வராமல் வைத்தார். அதுதான் பயமாக இருந்தது.

"இன்ஜின் ஸ்பிரிங்க கொசுறாவா கேட்ட?" என்றாள் தங்கை. "அது என்ன, கொத்தமல்லியா?"

"கேட்டேன். குடுத்தாரு."

"குடுப்பாரு. உன் கடையில கேட்டா நீ எத குடுப்ப?"

பதில் அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் என்னோடு கல்லாவில் உட்கார்ந்தவள். சாயம் சரியாக ஏறாத, துணிச் சுருளின் கடைசி ஓரத்தைத்தான் நான் கொசுறாகக் கிழித்துக் கொடுப்பேன். சிரித்துக்கொண்டே கொடுப்பேன்.

"ஒடஞ்சது அந்த ரெண்டுல ஒண்ணுதானா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"தெரியாது."

"அப்ப உள்ள ஒண்ணு இருக்கா, ரெண்டு இருக்கா?"

"அதுவும் தெரியாது."

தங்கை போல்ட்டைத் திருப்பிக் கழற்றினாள். "முதலாளி" என்றாள், "அந்த டார்ச்ச ஆடாம பிடிங்க."

முப்பத்தாறு வருடத்தில் அவள் என்னை அண்ணா என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

கயிறு உள்ளே போனது, வெளியே வந்தது. ஒவ்வொரு ஸ்பிரிங்காகக் கழற்றி, அமுக்கிப் பார்க்கும் கருவியில் வைத்தாள். ஒரே உயரத்துக்கு அமுக்கினால் எத்தனை கிலோ எதிர்த்து நிற்கிறது என்று அதன் முள் காட்டும். நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பது. ஒவ்வொன்றுக்கும் என் சட்டை முதுகில் இன்னும் கொஞ்சம் ஒட்டியது. பத்து ஸ்பிரிங் வரை நாற்பதுக்குக் கீழே முள் இறங்கவில்லை. பதினொன்றாவது முப்பத்துமூன்று.

மீதி நான்கையும் பார்த்தார்கள். எல்லாம் நாற்பது. ஆக, கொசுறு இரண்டும் அகப்பட்டுவிட்டன. ஒன்று உடைந்திருந்தது, மற்றது நாளைக்கு உடையக் காத்திருந்தது.

உபரி இல்லை. மணி ஐந்து. கடை ஆறு மணிக்குச் சாத்துவார்கள். யாரும் என்னை அனுப்பவில்லை, நானே ஓடினேன்.

கடைக்காரர் என் அவசரத்தை வாசலிலேயே மோப்பம் பிடித்துவிட்டார். சீல் பிரிக்காத ஸ்பிரிங் ஒன்றுக்கு இரண்டு மடங்கு விலை சொல்லிவிட்டு, என் சத்தத்துக்காகக் காத்திருந்தார். நான் பணத்தை மேசையில் வைத்தேன். அவர் முகம் வெளுத்தது. நோட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உடம்புக்கு ஏதாவது முடியலையா?"

"பில் போடுங்க."

குற்ற உணர்ச்சியோ பழக்க தோஷமோ, அவர் கை தானாக இழுப்பறைக்குள் போனது. "ரெண்டு ஆயில் சீல் சும்மா வெச்சுக்கங்க..."

"கைய வெளிய எடுங்க!" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

பட்டறையில் அந்தப் புதிய ஸ்பிரிங்கைக் கருவியில் வைத்தபோது, முள் மெதுவாக ஏறியது. முப்பதில் ஒரு கணம் தயங்கிய மாதிரி எனக்குத் தோன்றியது. நாற்பதில் நின்றது.

மறுநாள் பன்னிரண்டு சுற்று. நான் பந்தயத்தைப் பார்க்கவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டேன். நேர்ப்பாதையில் அவள் வரும்போதெல்லாம் இன்ஜின் ஏழாயிரத்தைத் தாண்டிக் கத்தும். அங்கே ஒரு இருமல் வருமா என்று பன்னிரண்டு தடவை காத்திருந்தேன். வரவில்லை. நான்காவதாக வந்தாளாம், பக்கத்தில் நின்றவர் சொல்லித்தான் தெரியும்.

காரிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் சிவந்து, முழுசாக இருந்தாள். நேராக என்னிடம் வந்தாள்.

"முதலாளி, தண்ணி பாட்டில் குடுங்க."

கொடுத்தேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வாங்கிய ஸ்பிரிங் பதினாறு. இன்ஜினுக்குள் இருப்பது பதினாறு. சரி. கொசுறாக வந்தது இரண்டு. என் கல்லா இழுப்பறையில் கிடப்பது இரண்டு, அதில் ஒன்று இரண்டு துண்டாக. அதுவும் சரி. எனக்கு வர வேண்டிய பாக்கி: ஒரு 'அண்ணா'.