ஊசிக்கு முன் பதினொரு கேள்விகள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் குறைவு. முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள் கிள்ளான் முழுக்க இருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தப் புதன்கிழமை நடந்ததை நானே சொல்லிவிடுவதுதான் நல்லது. இல்லாவிட்டால் அதற்கும் கை கால் முளைத்துவிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே, முதல் மாடியில் சின்செ சோங்கின் அக்குபங்சர் நிலையம். சின்செ என்றால் சீன வைத்தியர். கவுண்டரில் நான், ரமணி. ஆறு வருடமாகக் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து போகிறேன். சின்செக்கு மலாய் வரும், சீனம் வரும், தமிழ் வராது. நம் ஆட்கள் முட்டி வலி, இடுப்பு வலி என்று படியேறி வந்தால் அவர்களுக்கும் அவருக்கும் நடுவே நான்தான் பேச வேண்டும்.

சின்செ முறையாகப் படித்துப் பதிவு பெற்றவர். சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. ஊசியை நோயாளியின் கண் முன்னால்தான் உறை கிழித்து எடுப்பார், ஒரு தடவை குத்தியதை மறுபடி தொடமாட்டார். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதல் முறை வருகிறவர் யாராக இருந்தாலும் பதினொரு கேள்விகளுக்குப் பதில் வாங்காமல் ஊசி எடுக்கமாட்டார். கர்ப்பமா, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறாரா, இதய நோய் உண்டா, நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, வலிப்பு உண்டா, இப்படி. உள் அறைக்குக் கூட்டிப்போய்த் தனியாகக் கேள், மெதுவாகக் கேள் என்று என்னிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். நான் கேட்டால்தானே! கவுண்டரிலேயே நிற்க வைத்து, உட்கார்ந்திருக்கிற எல்லோர் காதிலும் விழும்படி கேட்டு, மடமடவென்று 'இல்லை' கட்டத்தில் கோடு போட்டுத் தள்ளிவிடுவேன்.

வலிப்புக் கேள்வியை மட்டும் இன்னும் வேகமாகப் படிப்பேன். என் மகன் பிரவினுக்குப் பன்னிரண்டு வயது வரை வலிப்பு இருந்தது. மருந்தில் சரியாகி, இப்போது இருபத்தொன்பது வயது, ஒரு குறையும் இல்லை. அவனுக்குச் செந்தூலில் பெண் பேசி முடித்திருந்தோம், நிச்சயத்துக்கு மூன்று வாரம் இருந்தது. வலிப்பைப் பற்றிப் பெண் வீட்டாரிடம் நான் மூச்சு விடவில்லை.

அந்தப் பெண்ணின் அப்பாதான் அந்தப் புதன்கிழமை மத்தியானம் படியேறி வந்து நின்றார். கமலநாதன். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், அறுபதைத் தாண்டியவர். நான் கிளினிக்கில் வேலை செய்கிறேன் என்று தெரியுமே தவிர, இந்தக் கிளினிக் என்று தெரியாதாம். என்னைப் பார்த்ததும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். திரும்பிப் போனால் நன்றாக இருக்காது என்று நினைத்திருப்பார். சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, இடுப்பு பிடித்துக்கொண்டது, ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை என்றார்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். சம்பந்தியாகப் போகிற மனுஷர் என் எதிரில் நிற்கிறார், என் கையில் பதினொரு கேள்வி இருக்கிறது. பெண் பார்க்கப் போன வீட்டில் வாய்விட்டுக் கேட்க முடியாததையெல்லாம் இங்கே வேலை என்ற பெயரில் கேட்கலாம். பேனாவை எடுத்தேன். மூன்று பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், அதில் ஒரு அம்மா செந்தூல்காரி. நான் குரலைக் குறைக்கவில்லை.

சர்க்கரை? இல்லை, தங்கச்சி. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து? இல்லை. இதய நோய்? ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். இல்லை. பேஸ்மேக்கர்? அதெல்லாம் எனக்கு எதுக்கும்மா என்று சிரித்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. நல்ல இடத்தில்தான் பெண் எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே பதினொரு 'இல்லை'யையும் கோடு போட்டு முடித்தேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு உள்ளே போய்க் குப்புறப் படுத்துக்கொண்டார். சின்செ கதவைச் சாத்தினார்.

கால் மணி நேரம் இருக்கும், கவுண்டர் போன் அடித்தது. ஒரு பெண் குரல். அங்கே கமலநாதன் என்று ஒருவர் வந்திருக்கிறாரா என்று அவசரமாக மலாயில் கேட்டது. குரலை உடனே கண்டுபிடித்துவிட்டேன். மலர்விழி, என் மருமகளாகப் போகிறவள். அப்பா எங்கே போயிருக்கிறார் என்று அம்மாவிடம் துருவிக் கேட்டு நம்பரைத் தேடிப் பிடித்திருக்கிறாள். நான்தான்மா, உங்கப்பா உள்ளே படுத்திருக்கிறார், கவலைப்படாதே என்றேன். நீங்களா அத்தை என்றாள். பிறகு, இடுப்புக்கு ஊசியில் கரண்ட் வைப்பார்களா அத்தை என்று கேட்டாள். வைப்பார்கள், லேசாகத்தான், பிடிப்பு விடுவதற்கு என்றேன்.

அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

"அத்தை, அப்பாவுக்கு நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்கு. ரெண்டு வருஷமாச்சு. கரண்ட் வைக்கவே கூடாது. ஓடுங்க அத்தை."

இதற்கு மேல் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நான் ஓடவில்லை. காதில் போனை வைத்தபடி நின்றேன். எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்பதுதான் முதலில் தோன்றியது. ரெண்டு வருஷமா! பெண் பார்க்கப் போனபோது பலகாரத் தட்டோடு சிரித்த சிரிப்பு என்ன, சற்றுமுன் என் எதிரில் நின்று சொன்ன பொய் என்ன. கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"இத ஏன் எங்ககிட்ட முன்னாடியே சொல்லல?"

"அத்தை, ஓடுங்க!" என்று அவள் கத்தினாள். அழுதாள்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. போனைப் போட்டுவிட்டு ஓடினேன். கவுண்டருக்கும் அந்த அறைக்கும் பத்தடிதான் இருக்கும். கதவைத் தள்ளினால், இடுப்பில் நான்கு ஊசி, நான்கிலும் கவ்வியிருக்கிற ஒயர், பக்கத்து மேஜையில் சிவப்பு விளக்கு மின்னும் பெட்டி. சின்செயின் விரல் பொத்தானில் இருந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டட்டுமா என்று மலாயில் கேட்டுக்கொண்டிருந்தார். கமலநாதன் பதில் சொல்லவில்லை. தூங்குகிறார் என்று சின்செ நினைத்திருக்கிறார்.

"துத்துப்! துத்துப்!" என்று மலாயில் கத்தினேன், அணையுங்கள், அணையுங்கள். இதயம் என்பதற்கு ஜந்தோங், ஜந்தோங் என்று என் நெஞ்சிலேயே அடித்துக் காட்டினேன்.

சின்செக்கு உடனே விளங்கிவிட்டது. பெட்டியை அணைத்தார், ஒயரைப் பிடுங்கினார், ஊசிகளை உருவினார். இருவருமாக அவரைப் புரட்டிப் போட்டோம். முகம் சாம்பல் பூத்திருந்தது, நெற்றியெல்லாம் வேர்வை, கண் பாதி திறந்து கிடந்தது. பனியன் விலகியதில் இடது தோள் எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடும் அதன்மேல் ஒரு தழும்பும் தெரிந்தன. சின்செ கழுத்தில் இரண்டு விரல் வைத்து எண்ணினார். என்னைப் பார்க்காமலே, நீ கேட்டாயா என்றார். கேட்டேன், இல்லை என்றார் என்றேன். எங்கே வைத்துக் கேட்டாய் என்றார். கவுண்டரில் என்றேன். ஆம்புலன்சைக் கூப்பிடு என்றார்.

ஓடிப்போய் எண்ணை அழுத்தினேன். இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் நெரிசலில் இருபது நிமிடம் எத்தனை நிமிடமாகும் என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்து அவர் காலடியில் நின்றேன். ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பெண் முகத்தில் எப்படி விழிப்பேன்? முருகா, இந்த மனுஷனை விட்டுவிடு, நான் இனி வாயைத் திறக்கமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். நடக்கிற காரியமா அது, ஆனாலும் வேண்டிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் கண் அசைந்தது. சின்செ நாடியை விடாமல் பிடித்தபடி தலையாட்டினார், திரும்பி வருகிறது என்று. கமலநாதன் என்னைத் தேடிப் பார்த்தார். தண்ணீர் கேட்பார் என்று குனிந்தேன்.

"தங்கச்சி, கல்யாணத்த நிறுத்திடாதீங்க. இது எனக்கு மட்டுந்தான். பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல."

சாகக் கிடக்கிற மனுஷர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி கேட்டார். அவர் ஏன் இப்படிப் பயந்தார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போன வருடம் செராஸில் ஒரு பெண் பேசினோம். பெண்ணின் அப்பாவுக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது என்று தெரிந்ததும், இதெல்லாம் ரத்தத்தில் வரும் என்று சொல்லி நான்தான் நிறுத்தினேன். நிறுத்தியதோடு விட்டேனா, கல்யாண வீடு, கோயில் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது செந்தூலுக்குப் போய்ச் சேராமல் இருக்குமா?

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, கருவியைச் சோதித்து, பழுதில்லை, ஒரு நாள் வைத்துப் பார்க்கிறோம் என்று டாக்டர் சொன்னபோது மணி ஆறு. கரண்ட் ஓடிய நேரத்தில் பேஸ்மேக்கர் குழம்பிப்போய்த் தன் வேலையை நிறுத்தியிருக்கலாம் என்றார். இன்னும் கொஞ்சம் நேரம் ஓடியிருந்தால் என்று ஆரம்பித்தவர், ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருந்த மலர்விழியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சின்செயும் வந்திருந்தார். பழைய படிவத்தைக் கிழிக்காதே, புதிதாக ஒன்றை உண்மையாக நிரப்பு, எழுதாத மருந்து ஊசியை விட ஆபத்து என்று சொல்லி என் கையில் நிரப்பாத கேள்வித் தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நடைபாதை நாற்காலியில் மலர்விழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் கேட்பதற்கு முன்னால் அவளே தாளையும் பேனாவையும் வாங்கிக்கொண்டாள். இதய நோய், ஆம். பேஸ்மேக்கர், ஆம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, ஆம், காலையில் ஒன்று. எழுதிக்கொண்டே, வேன் பெர்மிட்டுக்குச் சோதித்த டாக்டரிடம் மறைக்கவில்லை, முதலாளியிடம் மறைக்கவில்லை, உங்களிடம்தான் மறைத்தார் என்றாள். வலிப்புக் கேள்விக்கு வந்தபோது பேனா நின்றது. அப்பாவுக்கு இல்லை என்று கோடு போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அதுவரை அத்தை என்று கூப்பிட்டவள், ஆன்டி என்றாள்.

"ஆன்டி, பிரவினுக்கு இருந்துச்சா?"

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் ஒரு உயிர் என் கண் எதிரில் போய்த் திரும்பியது. அப்படியிருந்தும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? இல்லம்மா என்றது. பதினேழு வருடம் பழகிய பொய், யோசிக்கவே இல்லை, தானாக வந்துவிட்டது.

மலர்விழி பேனாவை மூடினாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். படவில்லை. அவள் களைத்துப்போயிருந்தாள்.

"பிரவின் முதல் நாளே எல்லாம் சொல்லிட்டாரு. அப்பாவோட பேஸ்மேக்கரும் அவருக்குத் தெரியும். எங்க எல்லாருக்கும் எல்லாம் தெரியும், ஆன்டி. உங்ககிட்டதான் யாராலயும் சொல்ல முடியல."

என் சொந்த மகன். ஒரே வீட்டில், ஒரே மேஜையில் தினமும் சாப்பிடுகிறவன். அவனும் என்னிடம் சொல்லவில்லை. அழுகை வந்தது, ஆனால் அந்தப் பெண்ணுக்கு முன்னால் அழ எனக்கு அருகதை இல்லை என்று பட்டது. எழுந்து வார்டுக்குள் போனேன்.

கமலநாதன் தலையணையில் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார், கண்ணில் அதே பயம். வாய் திறந்து கேட்கவில்லை, ஆனால் கல்யாணத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று தெரிந்தது. பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தது. நான் திரைச்சீலையை இழுத்து மூடினேன். நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். அந்த நிலையத்தில் ஆறு வருடமாக ஒரு நாளும் பேசாத அளவுக்குக் குரலைத் தணித்தேன்.

"அண்ணே, கல்யாணம் நடக்குமா நடக்காதான்னு நான் சொல்லக் கூடாது, நீங்கதான் சொல்லணும். என் மகனுக்குப் பன்னெண்டு வயசு வரைக்கும் வலிப்பு இருந்துச்சு. நான் மறைச்சிட்டேன். இன்னும் என்ன தெரியணுமோ கேளுங்க."