மாதிரிக்கு வந்த ஆசிரியர்கள்

எங்கள் ஊரில், எழுதக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் ஒரு பத்திரிகைக்குச் சந்தா கட்டுவதற்கு முன்பு, அதன் ஆசிரியரை மாதிரிக்கு வீட்டில் வைத்துப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம். நான் ஒரே சமயத்தில் மூன்று பேரை வரவழைத்தேன்.

"ஒவ்வொருத்தரா வரச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் என் மனைவி ரெஜினா. எனக்குப் பொறுமை இல்லை. தூத்துக்குடியில் ஓர் ஐஸ் பேக்டரியில் மேற்பார்வையாளனாக இருக்கிறேன். வேலையில் நிற்கும்போது வீட்டில் உட்கார்ந்து எழுத வேண்டும்போல் இருக்கும். வீட்டில் உட்கார்ந்தால் எழுந்து நடக்க வேண்டும்போல் இருக்கும். சரியான பத்திரிகை கிடைத்துவிட்டால் இந்தத் தவிப்பு அடங்கும் என்று நம்பினேன்.

'கத்தரி' பத்திரிகையின் ஆசிரியர் திருவேங்கடம் வந்த அன்றே வேலையைத் தொடங்கினார். கதை கூடத்தில் தொடங்க வேண்டிய அவசியமே இல்லை என்று சொல்லி, எங்கள் வீட்டின் கூடத்தை வெட்டி எடுத்தார். அதன்பின் தெருக்கதவைத் திறந்தால் நேராகச் சமையலறைதான். விருந்தாளிகள் செருப்பை அடுப்படியில் விட்டார்கள். அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமையில் எதுவும் நடக்கவில்லை என்று அதையும் எடுத்துவிட்டார். திங்கட்கிழமை ஊறப்போட்ட அரிசியை ரெஜினா விடிந்ததும் புதன்கிழமையில் அரைத்தாள். மாவு நன்றாகவே புளித்தது.

'பூசல்' ஆசிரியர் கலியமூர்த்திக்குத் தடை இருந்தால்தான் கதை. அவர் ஒரு வில்லனைக் கூட்டிவந்தார். அந்த ஆள் காலையில் வந்து குளியலறை வாசலில் கைகட்டி நிற்பார். யாராவது துண்டோடு வந்தால், "அவ்வளவு சுலபமா விட்டுருவேனா?" என்பார். ஒவ்வொருவரும் அவரோடு கொஞ்சம் போராடிவிட்டுத்தான் குளிக்கப் போனோம். எல்லோரும் குளித்து முடித்ததும் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ரெஜினாவின் தம்பி டோமினிக் எங்களோடுதான் இருக்கிறான். அவன் மட்டும் குளிப்பதை நிறுத்திவிட்டான்.

மூன்றாமவர் 'அப்புறம்' என்ற பத்திரிகையின் ஆசிரியர், மங்கையர்க்கரசி. அவர் எதையும் வெட்டவில்லை, யாரையும் கூட்டிவரவில்லை. எதைச் சொன்னாலும் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான். இவருக்கு எதற்குச் சந்தா கட்டுவது என்று நினைத்தேன். பிறகு மற்ற இருவருக்கும் எதற்கு என்று நினைத்தேன். காலையில் கத்தரி என்று முடிவுசெய்தால் பேக்டரி போய்ச் சேர்வதற்குள் பூசலாகியிருக்கும். மாதிரிக் காலத்தை நீட்டிக்கொண்டே போனேன்.

ஒரு மத்தியானம் சாப்பிட வந்தபோது, ரெஜினா கீரை ஆய்ந்தபடி மங்கையர்க்கரசியிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்கு வெளியே தெருவிலேயே நின்றுவிட்டேன்.

"நர்ஸுக்குப் படிக்கணும்னு வேலூர்ல இடம்கூடக் கிடைச்சுது."

"அப்புறம்?"

"அப்பாவுக்கு முடியாமப் போச்சு. போகல."

"அப்புறம்?"

"இவங்களைக் கட்டிக்கிட்டேன்."

"அப்புறம்?"

ரெஜினா ஒரு கீரைத்தண்டைக் கிள்ளிப் போட்டாள். "எழுதப்போறேன்னு சொன்னாங்க."

"அப்புறம்?"

"இன்னும் சொல்லிக்கிட்டுதான் இருக்காங்க."

வேலூர் விஷயம் எனக்குத் தெரியாது. உள்ளே போகவா, பேக்டரிக்கே திரும்பவா என்று தெரியாமல், தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன்.

திருவேங்கடமும் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறார். சாயங்காலம் எல்லோரையும் சமையலறையில் உட்காரவைத்து, இந்த வீட்டில் ஒரு பாத்திரம் அதிகம் என்றார். நாங்கள் டோமினிக்கைப் பார்த்தோம். டோமினிக் சுவரைப் பார்த்தான்.

"அவர் இல்லை. அவர் குளிப்பதில்லை என்று ஒரு முடிவாவது எடுத்திருக்கிறார்," என்று சொல்லி, திருவேங்கடம் பென்சிலை எடுத்தார். என் இடது தோளிலிருந்து குறுக்காக ஒரு கோடு போட ஆரம்பித்தார். வலிக்கவில்லை. கை மட்டும் லேசாகிக்கொண்டே வந்தது. சட்டைக்கு மேல் போட்ட கோடு உடம்பிலும் இருந்தது. மார்புவரை வந்ததும் பென்சில் முனை மழுங்கிவிட்டது. சீவிக்கொண்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார்.

ரெஜினா தேங்காய் நாரில் சோப்பைத் தடவி என் தோளைத் தேய்த்தாள். கோடு அழியவில்லை.

"என்னங்க, எதையாவது ஒண்ணைச் சொல்லித் தொலைங்க," என்றாள். "மூணும் வேண்டாம்னாலும் சரி. வாயத் திறந்து சொல்லுங்க."

அடுத்த அறையில் பென்சில் சீவுகிற சத்தம் கேட்டது. பூசல் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கத்தரி என்று தோன்றியது. அவள் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலூர் போயிருந்தா எந்த வார்டுல வேலை பார்த்திருப்ப?" என்று கேட்டேன்.

அவள் கை நின்றது. "பிரசவ வார்டு," என்றாள்.

"அப்புறம்?"

திருவேங்கடம் பென்சிலோடு வாசலில் வந்து நின்றார். நான் சொன்னதைத் தேர்வாக எடுத்துக்கொள்ளலாமா என்று மங்கையர்க்கரசியிடம் கேட்டார். எடுத்துக்கொள்ளலாம் என்றார் அவர். திருவேங்கடம் பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

மறுநாள் மற்ற இருவரும் மனவருத்தம் ஏதுமில்லாமல் கிளம்பினார்கள். கூடத்தைத் திருப்பிக் கேட்டேன். அதை ஏற்கெனவே ஒரு நாவலாசிரியருக்குக் கொடுத்துவிட்டதாகத் திருவேங்கடம் சொன்னார். வில்லன் கடைசியாக ஒருமுறை கைகட்டி நின்று காட்டினார். டோமினிக் அவரோடு நன்றாகப் போராடிவிட்டுக் குளித்தான்.

'அப்புறம்' பத்திரிகைக்கு நேரில் போய்த்தான் சந்தா கட்ட வேண்டும். அலுவலகம் அருப்புக்கோட்டையில் இருந்தது. ரெஜினாவும் வருகிறேன் என்றாள். மதுரை பஸ்ஸில் ஏறினோம். நல்ல கூட்டம். மூன்று பேர் உட்காரும் சீட்டில் எங்களுக்கு இடம் கிடைத்தது. எங்களோடு தூத்துக்குடியில் ஏறிய கடல், இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தது. எட்டயபுரத்தில் எங்கள் பக்கத்தில் இருந்தவர் இறங்கியதும், ரெஜினா நகர்ந்து இடம்விட்டாள். கடல் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

"எதுவரைக்கும்?" என்று கேட்டாள் ரெஜினா.

"மதுரைக்கும்மா. கண் ஆஸ்பத்திரிக்கு. தூரத்துல இருக்கிறதெல்லாம் மங்கலாத் தெரியுது."

சொட்டு மருந்து விட்டால் அன்று முழுக்கக் கண் கூசும், துணைக்கு யாரையாவது கூட்டிவந்திருக்கலாமே என்றாள் ரெஜினா. எல்லோருக்கும் வேலை இருக்கிறது என்றது கடல். கண்டக்டர் வந்தார். அது சரியான சில்லறை கொடுத்தது. அருப்புக்கோட்டையில் நாங்கள் இறங்கும்போது, கடல் கால்களை ஒடுக்கி வழிவிட்டது.