மில் றோட்டுக்குக் குடுத்த ஒறிஜினல்

எங்கடை பக்கத்தில் அரசாங்கத்துக்கு மில் றோட்டு என்று பெயர். சண்டை முடிந்து சனம் திரும்பி வந்தபோது அரசாங்கக் கந்தோர்கள் எல்லாம் அந்த றோட்டில், கூரை போன ஒரு நெல் ஆலையின் களஞ்சியத்தில்தான் தொடங்கின. பிறகு ஏ9 பெருந்தெருக் கரையில் மாடி கட்டிப் போய்விட்டார்கள். பெயர் போகவில்லை. "மில் றோட்டைக் கேக்காமல் கிணறு வெட்டாதை." "மில் றோட்டாலை கடிதம் வந்திருக்கு." போன வருசம் எனக்கு நியமனம் கிடைத்தபோது, "நடராசாவின்ரை பெட்டையும் மில் றோட்டாப் போச்சு" என்றார்கள். யாரும் அதை வாழ்த்தாகச் சொல்லவில்லை.

பதவி அபிவிருத்தி உத்தியோகத்தர். காணிக் கிளையில் ஒரு மேசை. இதுவரை நான் எதையும் அபிவிருத்தி செய்யவில்லை. கடிதம் ரைப் பண்ணுகிறேன்.

ஒரு புதன்கிழமை சிவனேஸ்வரி மாமி வந்தா. வட்டக்கச்சியில் எங்கள் பக்கத்து வளவு. கந்தோருக்கென்றே வைத்திருக்கும் பச்சைச் சேலை, கையில் பொலித்தீன் பை.

"பிள்ளை, வெள்ளிக்கிழமை காணிக் கச்சேரியாம். என்ரை ரெண்டு ஏக்கரும் லிஸ்ற்றில கிடக்கு. பெர்மிற் இல்லாத வயலாம். வேறை ஆருக்கோ குடுக்கப்போகினம்."

காணிக் கச்சேரி என்பது, உரித்தாளி இல்லாத காணியை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் நாள். மாமியின் வயலுக்கு ஆள் இருக்கிறது. பெர்மிற்றும் இருந்தது. 1978 இல் அவவின் தகப்பன் வீரகத்தியருக்கு அரசாங்கம் கொடுத்த காணி அனுமதிப்பத்திரம். அதைக் கடைசிச் சண்டையில் மாத்தளன் வரைக்கும் மடியில் கட்டிக்கொண்டு போய், முகாமுக்குள் கொண்டுபோய், திருப்பியும் கொண்டு வந்தவ. ஐந்து வருசத்துக்கு முன்னர், நிரந்தர உறுதிப் பத்திரமாக மாற்றித் தருகிறோம், ஒறிஜினலைத் தாங்கோ என்று மில் றோட்டு கேட்டது. மாமி கொடுக்க மனமில்லாமல் நின்றா. துணைக்குப் போன நான்தான், "குடுங்கோ மாமி, அரசாங்கம் துலைக்குமே?" என்று அதைப் பறிக்காத குறையாக வாங்கி மேசையில் வைத்தேன். பற்றுச்சீட்டு ஒன்று கேட்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. அப்போது நான் கம்பஸ் மூன்றாம் வருசம். எங்கள் வீட்டின் முதல் பட்டம். படித்தது பொது நிர்வாகம்.

அலுமாரி அலுமாரியாகத் தேடினேன். மாமியின் பைல் இருந்தது. பெர்மிற் இல்லை.

கிளைக்குப் பொறுப்பான யோகலிங்கம் சேர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "அப்ப வரேல்லை எண்டு எழுதும் பிள்ளை."

"வந்தது சேர்."

"ஆர் கண்டது?"

"நான்."

கண்ணாடியைக் கழற்றினார். "நீர் இப்ப மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறீர். விளங்குதே?"

ரைப் பண்ணினேன். 'அவ்வாறான ஆவணம் எதுவும் இவ்வலுவலகத்திற்குக் கிடைக்கப்பெறவில்லை.' வாசித்துப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. அந்த வசனத்துக்குள் ஒரு மனிசரும் இல்லை.

வெளியே மர வாங்கில் மாமி இருந்தா. "மில் றோட்டு என்னவாம்?" என்னைப் பார்த்துத்தான் கேட்டா.

"வரேல்லையாம்."

"நீதானேடி வாங்கி வைச்சனீ."

"ஓம்."

"சொன்னனியே?"

"சொன்னனான். வாயால சொன்னால் இங்கை செல்லாது மாமி."

"அப்ப எழுதன். அதுக்குத்தானே படிச்சனீ."

திரும்பிப் போய், ரைப் பண்ணின கடிதத்தைக் கிழித்தேன். வெறும் தாள் ஒன்று எடுத்தேன். நடராசா யதுர்ஷிகா ஆகிய நான், என்று தொடங்கி, அடையாள அட்டை இலக்கமும் போட்டு, பெர்மிற்றை யாரிடம் வாங்கினேன், எந்த மேசையில் வைத்தேன், அப்போது யார் பற்றுச்சீட்டுத் தரவில்லை, இப்போது நான் எங்கே வேலை செய்கிறேன் எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்தேன். தபால் பதிவேட்டில் நானே பதிந்தேன். இலக்கம் 1147. திகதி முத்திரையைக் குத்தி, வாசித்துப் பார்க்கச் சொல்லி மாமியிடம் கொடுத்தேன்.

பதிவேட்டில் இலக்கம் விழுந்துவிட்டால் விசாரணை திறக்க வேண்டும். விசாரணையில் இருக்கும் காணியைக் கச்சேரிக்கு வைக்க முடியாது. இதை எனக்குச் சொல்லித் தந்ததே யோகலிங்கம் சேர்தான்.

அவர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி வாசித்தார். "உமக்கு விசரே பிள்ளை? உம்மை இன்னும் நிரந்தரமாக்கேல்லை. துணுக்காய்க்கு மாற்றம் குடுத்துத் தூக்கி அடிப்பினம்."

"அங்கையும் காணி இருக்குத்தானே சேர்."

அவர் சிரிக்கவில்லை. சிவப்புப் பேனையால் பட்டியலில் மாமியின் வயல் இருந்த இருபத்திமூன்றாம் வரியை வெட்டி, பக்கத்தில் 'விசாரணையிலுள்ளது' என்று எழுதினார். இரக்கத்தில் இல்லை. அந்தப் பட்டியலின் அடியில் இருப்பது அவருடைய கையெழுத்து.

வயல் வெள்ளிக்கிழமைக்குப் போகாது. அதற்குப் பிறகு என்ன என்று எனக்கும் தெரியாது. மாமியிடம் அப்படியே சொன்னேன். அவ தலையாட்டினா. நான் கையை நீட்டினேன்.

"தாங்கோ மாமி, அதைப் பைலில போடவேணும்."

மாமி அந்தத் தாளை நாலாக மடித்துப் பொலித்தீன் பைக்குள் வைத்து, இரண்டு முடிச்சுப் போட்டா.

"கொப்பி அடிச்சுப் போடு."

"பைலுக்கு ஒறிஜினல்தான் வேணும்."

"ஒருக்கா உன்னை நம்பிக் குடுத்தனான்."

சட்டம் எனக்குத் தெரியும். இருந்தாலும் போட்டோக் கொப்பி அறைக்கு நடந்தேன். மாமியும் பின்னால் வந்தா. முடிச்சை அவிழ்த்து, தாளைத் தன் கையாலேயே கண்ணாடியில் வைத்து, மெசின் ஓடி முடியும்வரை மூடியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.