துரை காரின் பம்பர்

புளியைக் கரைத்து, அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டு, தேங்காய்ப் பொச்சைச் சுருட்டிக்கொண்டு சிவசக்தி அந்தக் காரின் முன்னால் குந்தியபோது, வீட்டுக்குள்ளிருந்து மிப்ரான் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தான்.

“அக்கா, வெக்காதீங்க. இது பித்தள இல்ல, குரோமியம். சாம்பல் பட்டா கோடு கோடா விழுந்திரும்.”

சிவசக்தி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மினுங்க வேண்டியது எதுவானாலும் புளியும் சாம்பலும்தான் என்பது அவள் அறிந்த வேதம். தோட்டத்துக் கோயில் விளக்கும் சரி, மிப்ரானின் உம்மா நளீராவின் பித்தளைச் சாமானும் சரி, அப்படித்தான் அவள் கையில் பளபளத்தன. கொழுந்து பறிக்கிற வேலையை விட்ட நாளிலிருந்து காலை பஸ்ஸில் பதுளைக்கு வந்து இந்த வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போகிறாள். மிப்ரானுக்கு பஜாரில் துணிக்கடை. நல்ல பிள்ளை, பழைய கார்க் கிறுக்கு ஒன்றைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது. தோட்டத்துப் பங்களா கராஜில் கோழி முட்டையிட்டுக் கிடந்த ஹம்பர் காரை வாங்கிவந்து, எஞ்சினைச் சரிசெய்து, பச்சைப் பெயிண்டும் அடித்துவிட்டான். பம்பரும் கதவோரப் பட்டிகளும் மட்டும் துருவேறிக் கிடந்தன. கழற்றிக் கொழும்புக்கு அனுப்பினால் முலாம் பூசி வர மாசக்கணக்காகும். தை மாதத்தில் சிவசக்தியின் மகள் நிரஞ்சலாவுக்குக் கல்யாணம். “நான் தேச்சுத் தந்துட்டா, புள்ளையக் கோயிலுக்கு இதுல கூட்டிட்டுப் போவீங்களா தம்பி?” என்று அவள்தான் கேட்டாள். “துரு போனா நானே ஓட்டிட்டு வாறேன், போகாட்டி கொழும்புதான்” என்று அவனும் சொல்லிவிட்டான்.

அவள் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரை அவளுக்குத் தெரியும். தெரியும் என்றால் சும்மாவா? அவள் பிறந்து வளர்ந்த தோட்டத்துப் பெரிய துரையின் கார் அது. வளைவில் அதன் சத்தம் கேட்டாலே போதும், ரோட்டில் போகிற சனம் ஓரத்துக் கானுக்குள், மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்காலுக்குள் இறங்கிவிடும். ஆம்பிளைகள் தலைத்துண்டை எடுப்பார்கள். மழை கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் குடையை மடக்கிவிட வேண்டும். யார் போட்ட சட்டம் என்று யாரும் கேட்டதில்லை, தாய்ப்பாலோடு வந்தது. ஒரு காலை, பெரட்டுக்களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, சின்னப்பிள்ளை சிவசக்தி போய் அந்தப் பம்பரில் ஒரு விரலை வைத்துவிட்டாள். உள்ளே இன்னொரு சிவசக்தி விரலை நீட்டிக்கொண்டு நின்றாள். யாரோ அதட்டினார்கள். அன்றைக்கு அவள் அப்பாவுக்குப் பேர் போடவில்லை, ஒரு நாள் கூலி போயிற்று. அடி விழும் என்று அவள் பயந்து ஒதுங்கியிருக்க, அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “உள்ளுக்கு என்னா தெரிஞ்சிச்சு?” என்று மட்டும் கேட்டார்.

“நாந்தாம்ப்பா.”

 இப்போது அந்த அப்பாவும் இல்லை.

மிப்ரான் புரியாணி கட்டுகிற வெள்ளித்தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்துக் காட்டினான். இதென்ன விளையாட்டு என்று முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பத்து இழுப்பு இழுத்ததும் துரு பிளேன்டீ நிறத்தில் வழிய ஆரம்பித்தது. வீட்டு வேலை முடிந்த பிறகு, பஸ் வரும்வரை, தினமும் ஒரு சாண் இரண்டு சாண் என்று தேய்த்தாள். கதவுப் பட்டிகள் சொன்னபடி கேட்டன. முன் பம்பர் மட்டும் முரண்டு பிடித்தது. “அது ஏலாதுக்கா, உள்ள தின்னுட்டுது” என்றான் மிப்ரான். சிவசக்தி தேய்ப்பதை விடவில்லை. தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. நிரஞ்சலா வேறு, “வேன் போதும்மா, அந்தத் தொர காரு எதுக்கு?” என்று வீட்டில் முகத்தைத் தூக்கினாள். “நீ ஏறு. அம்புட்டுத்தான்” என்று அவள் வாயை அடைத்தாயிற்று. பம்பரின் வாயை அடைக்கத்தான் வழி தெரியவில்லை.

ஒரு பின்னேரம், கடைசித் துருவும் விட்டுப்போன முன் பம்பரில், பழைய சாரத்துண்டால் பாலிஷைத் தொட்டு வட்டம் வட்டமாகப் பூசி, அது காய்ந்து சாம்பல் பூத்ததும் துடைத்தாள். துடைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வானம் உள்ளே இருந்தது. முற்றத்துக் கொய்யாமரம் இருந்தது. நமுனுகுலை மலை மேகத்தைத் தலையில் போட்டுக்கொண்டு அந்த ஒரு சாண் இரும்புக்குள் வந்து குந்தியிருந்தது. அவளுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. கோயிலில் திரை விலகும்போது வருமே, அந்த மாதிரி, கை தானாகக் கூம்பப் பார்த்தது. நளீரா வாசலுக்கு வந்து, “சுப்ஹானல்லாஹ்” என்று மெல்லச் சொன்னாள். “சக்தி, ஒங்கட மொகத்தப் பாருங்க.” சிவசக்தி பார்க்கவில்லை. முகத்தைக் கல்யாணத்தன்று பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்று விடியும்போதே தூறல். புருஷன் கணபதி முன்னாலேயே கோயிலுக்குப் போய்விட்டான். தோட்டத்து ரோடு பங்களாவுக்கு ஒன்று, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஒன்று என்று பிரிகிற இடத்தில், மிப்ரான் வழி தவறிப் பங்களாவுக்குப் போய்விடக் கூடாதே என்று, சிவசக்தி அரக்குப் பட்டுப் புடவையோடு குடை பிடித்து நின்றாள். கீழே பனிமூட்டத்துக்குள் அந்தச் சத்தம் கேட்டது. அதே சத்தம்தான். வளைவில் முதலில் இரண்டு விளக்கு, பிறகு பம்பர். பார்க்க நெஞ்சு கொள்ளவில்லை. எவ்வளவு அழகு.

கார் நின்றது. மிப்ரான் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான்.

“அக்கா, என்ன கானுக்குள்ள நிக்கிறீங்க? விழுந்திட்டீங்களா?”

அப்போதுதான் சிவசக்தி குனிந்து பார்த்தாள். கணுக்கால் வரை கான்தண்ணீர். புடவைக் கரை நனைந்து கிடந்தது. எதிரே அவள் தேய்த்த பம்பருக்குள், தலையெல்லாம் நனைந்த ஒருத்தி, மடக்கிய குடையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போது இறங்கினோம், எப்போது மடக்கினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.  நல்ல நாளும் அதுவுமாக அழக் கூடாது என்று குனிந்து புடவைக் கரையைப் பிழிந்துவிட்டாள்.

“ஒன்னுமில்ல தம்பி. வழுக்கிருச்சு” என்று ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். கார் லயத்தை நோக்கி ஏறியது. மாப்பிள்ளை வீட்டு வேனைத்தான் எல்லாரும் எதிர்பார்த்திருந்தார்கள், இந்தக் கார் விஷயத்தை வீட்டைத் தாண்டி அவள் ஒருவருக்கும் மூச்சுவிட்டிருக்கவில்லை. பெண்ணை வழியனுப்ப ரோட்டுக்கு வந்திருந்த பொம்பளைகள் காரைக் கண்டார்கள். முதலில் நின்ற கிழவி கானுக்குள் இறங்கிக் குடையை மடக்கினாள். அடுத்தவள் மடக்கினாள். அதற்கடுத்தவள், அந்தக் காரைக் கண்ணால் கண்டிராத இளம்பெண், பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துத் தானும் மடக்கினாள். லயம் வரைக்கும் வரிசையாகக் குடைகள் மடங்கிக்கொண்டே போயின. உள்ளே உட்கார்ந்து சிவசக்தி ஒவ்வொரு குடையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். துரை இதைத்தான் தினமும் பார்த்துக்கொண்டு போனாரா?

“தம்பி, நிப்பாட்டுங்க.”

இறங்கிப் பம்பருக்கு முன்னால், ரோட்டு நடுவில் போய் நின்றாள்.

“நாந்தான்” என்றாள். “கொடைய விரிங்க.”

யாரும் அசையவில்லை. தூறல் காரின் மூக்கில் விழுந்து சொட்டுச் சொட்டாகத் தெறித்தது. சிவசக்தி தன் குடையை விரித்தாள். கம்பி ஒன்று சிக்கியது, உதறி விரித்தாள். பிறகு திரும்பி, அன்றைக்கென்று வைத்திருந்த முகத்தைப் பார்க்கக் குனிந்தாள். பம்பருக்குள் அவள் குடைக்குப் பின்னால், கிழவியின் கறுப்புக் குடை மெல்லத் திறந்தது. அதற்கு மேலே ஒரு பூப்போட்ட குடை. அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. எல்லாவற்றுக்கும் நடுவே, ரோட்டின் நட்ட நடுவில், கல்யாணப் பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிரஞ்சலா இறங்கி வந்துகொண்டிருந்தாள்.