காய்ச்சிக் குடிக்கவும்

ஆற்றங்கரைக் குடிசைகளை இடித்த பிறகு, காஞ்சிபுரத்துக்கு வெளியே கட்டிக் கொடுத்த அடுக்குமாடிகள்தான் புதுநகர். அங்கே வாரம் ஒருமுறை 'புதுநகர் செய்தி' வந்தது. அதன் ஆசிரியர், நிருபர், வீடு வீடாகப் போடுபவர் எல்லாமே ஜீவிதாதான்.

அந்த வாரம் பி பிளாக்கில் பல குழந்தைகளுக்கு வாந்தி பேதி. குழாய்த் தண்ணீர் நாறுவதாகப் பெண்கள் சொன்னார்கள். ஜீவிதா அதைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தாள். முடிவு திங்கட்கிழமைதான் வரும். பத்திரிகையோ வெள்ளிக்கிழமை அச்சாக வேண்டும்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் வீரபத்திரன் அவள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எழுதாதம்மா. இந்தக் குழாய்க்கு எத்தினி தபா ரோட்டுல குந்தினோம்? நீ ஒரு வரி போட்டா தண்ணிய நிறுத்திடுவாங்க."

"பசங்க சுருண்டு படுத்துக்கினு இருக்குதுங்களே, தலைவரே."

"முடிவு வரட்டும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வெள்ளிக்கிழமை காஞ்சிபுரத்து அச்சகத்தில் உட்கார்ந்து ஜீவிதா தலைப்பை மாற்றி மாற்றி எழுதினாள். கடைசியில், 'காய்ச்சிக் குடிக்கவும். பரிசோதனை நடக்கிறது' என்று மட்டும் போட்டாள்.

பத்திரிகை வந்த சனிக்கிழமையே தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் லாரியும் வரவில்லை. காலிக் குடங்களோடு பெண்கள் அவள் வாசலில் கூடினார்கள். மாமியார் செல்லியம்மாளும் அவர்கள் பக்கம் நின்று கேட்டாள்.

"இப்ப உன் பேப்பரக் காச்சிக் குடிக்கிறதா?"

ஞாயிறு முழுக்க, போட்டது தவறோ என்றே ஜீவிதா யோசித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் நல்லதாக இருந்துவிடக் கூடாதே என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்கே உடம்பு கூசியது.

திங்கள் மதியம் போன் வந்தது. தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தது. அவள் நேராக வீரபத்திரனிடம் போய்ச் சொன்னாள். அவர் ஆட்களைக் கூட்டிவந்து பி பிளாக் முன்னால் தோண்டச் சொன்னார். சாக்கடையை ஒட்டிப் போன குழாய், இணைப்பில் விரிசல் விட்டிருந்தது.

"இத நின்னு பதிச்சது நான்தாம்மா. சீக்கிரம் முடியட்டும்னு சாக்கடை பக்கமாவே விடச் சொன்னேன். அதையும் போடு."

"உங்க பேரோடயா?"

"பேரோடதான்."

குழாயைத் தெருவின் மறுபக்கம் மாற்றினார்கள். குழந்தைகள் தேறின. அடுத்த இதழ் வந்த காலையில், பி பிளாக் பெண்கள் வீரபத்திரனைச் சூழ்ந்துகொண்டு வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். யாராவது கை நீட்டிவிடுவார்களோ என்று ஜீவிதா பயந்தாள். மிச்சப் பத்திரிகைகளைப் படியில் வைத்துவிட்டு, கூட்டத்துக்குள் புகுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள்.