ஒரு டாலருக்குக் கேட்கும் கதை

1

2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, லாஸ் வேகாஸ். போல்டர் சாலைக் கேசினோ ஒன்றின் போக்கர் அறையில், கடைசிச் சீட்டாக, சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் விழுந்ததால் ராய்ஸ் டில்மன் தன் முன்னாலிருந்த பந்தயச் சில்லுகள் அனைத்தையும் தோற்றான்.

கதை அங்கிருந்துதான் கிடைத்தது. நான் அடுத்த மேஜையில் இருந்தேன். எழுத உட்கார்ந்ததும் ஒரு சிக்கல். இந்த ஊரில் தோற்ற கதையை யாரும் கேட்பதில்லை. சீட்டாடிப் பிழைக்கிற எல்லோரிடமும் அது மூட்டை மூட்டையாக இருக்கிறது. கேட்டே ஆகவேண்டுமென்றால், சொல்கிறவன் கேட்கிறவனுக்குத் தரும் கூலி ஒரு டாலர். வேடிக்கையாகத் தொடங்கிய வழக்கம், இப்போது சிரிக்காமலே வாங்கிக்கொள்கிறார்கள். வாசகருக்கு நான் எதுவும் தரப்போவதில்லை.

2

முதல் தொடக்கம்: "அதிர்ஷ்டம் ராய்ஸைக் கைவிட்டிருந்த அந்த நாட்களில், பாலைவனக் காற்று ஜன்னலை—"

வேண்டாம். போக்கர் அறைக்கு ஜன்னல் கிடையாது.

இரண்டாவது: ராய்ஸுக்கு நாற்பத்திரண்டு வயது. ஏசி மெக்கானிக் வேலையை விட்டுவிட்டு, பல வருடங்களாகச் சீட்டாடித்தான் வாடகை கட்டுகிறான். இந்தக் குளிர்காலம் முழுக்கத் தோல்வி. நன்றாக ஆடுகிறவனுக்கும் மாதக்கணக்கில் சீட்டு வராமல் போகும். ஆட்டம் கெட்டுப்போனவனுக்கும் அந்த மாதங்கள் அப்படியேதான் இருக்கும். உள்ளிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சீட்டுதான் காரணமென்றால் பெரிய தொகைக்கு ஆடும் பெரிய மேஜையிலேயே பொறுத்திருக்கலாம். ஆட்டம்தான் காரணமென்றால், எல்லோரும் பார்க்கச் சின்ன மேஜைக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கையிருப்பு கரைந்து, மறுபடி வெயிலில் கூரை ஏறி ஏசி பழுதுபார்க்க வேண்டியதுதான்.

(தூக்கமில்லாமல் குடித்தான் என்று எழுதி, அடித்துவிட்டேன். அவன் நன்றாகத் தூங்கினான். ஜிம்முக்குப் போனான். தோல்வியைத் தாங்கச் சொல்லித்தரும் புத்தகங்களில் உள்ளதையெல்லாம் ஒழுங்காகச் செய்தான்.)

3

மறுநாள் காலை டாக்கோ கடையில் லோர்னா பிராட் இருந்தாள். அவளும் சீட்டாடிப் பிழைப்பவள், இவனுக்கு முன்பே தொழிலுக்கு வந்தவள். ராய்ஸ் அவள் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டாலரை வைத்தான்.

"மறுபடியுமா? இந்தக் குளிருக்கு எனக்கு உன் காசுலதான் காபி ஓடுது."

"கேளு தாயே. கையில ரெண்டு ராஜா. எதிர்ல அந்த ரிட்டயர்டு தபால்காரர். மேஜையில விரிச்ச கடைசிச் சீட்டு ஆட்டின். அவருக்கு அஞ்சு ஆட்டின் சேர்ந்து என் ராஜாவை அடிச்சிருச்சு. மொத்தமும் போச்சு."

"கடைசிச் சீட்டு விழறதுக்கு முன்னாடி எவ்வளவு போட்டிருந்த?"

"கொஞ்சம்தான்."

"விழுந்தப்புறம்?"

"அவர் எல்லாத்தையும் தள்ளினார். நானும் போட்டேன்."

"அந்த மனுஷன் கையில ஒண்ணுமில்லாம மிரட்டி எப்பவாவது பாத்திருக்கியா?"

ராய்ஸ் டாக்கோவைப் பிரித்து உள்ளே பார்த்தான். "இல்ல."

"பின்ன எதுக்குப்பா போட்ட?"

"எத்தனை நாளைக்குத்தான் தோக்கறது? ஒரு தடவையாவது அவர் பொய் சொல்லக் கூடாதா..."

லோர்னா டாலரை அவன் பக்கம் தள்ளினாள். "சீட்டு உன்கிட்டேர்ந்து எடுத்தது கொஞ்சம். மீதிய நீயே தூக்கிக் குடுத்திருக்க. கெட்ட நேரத்துக்குத்தான் கூலி. தப்பாட்டத்துக்கு நான் வாங்கறதில்ல."

"அப்ப இத்தனை நாள் சொன்னதெல்லாம்?"

"நீ சொன்ன விதத்துல எல்லாமே கெட்ட நேரம்தான்."

4

கதையின் முதல் வாக்கியத்தில் ‘ஆட்டின் விழுந்ததால்’ என்று எழுதியிருக்கிறேன். அது ராய்ஸ் அறையெங்கும் சொன்னது. பக்கத்தில் இருந்தும் நான் அதையே எழுதினேன். திருத்தாமல் விடுகிறேன்.

முடிவுக்கு இரண்டு வரைவுகள் இருந்தன. ஒன்றில், ராய்ஸ் சின்ன மேஜைக்கு இறங்கி, ஆட்டத்தைச் சரிசெய்துகொண்டு, கோடைக்குள் திரும்புகிறான். மற்றதில் பெரிய மேஜையிலேயே இருக்கிறான், நல்ல சீட்டாக வருகிறது, தன் ஆட்டத்தில் குறையே இல்லையென்று முடிவுகட்டிவிடுகிறான். இரண்டாவதை எழுதும்போதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோடையில் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம்.

நடந்தது இவ்வளவு. வியாழக்கிழமை ராய்ஸ் சின்ன மேஜையில் உட்கார்ந்தான். பெரிய மேஜையிலிருந்து இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அன்றும் தோற்றான்.